எலிக்குத் தெரியாத எக்ஸான்

“அண்ணே, எஸ்.எம்.ஏ. பிள்ளைங்களுக்கு முதுகுத்தண்டுல ஒரு ஊசி போடறாங்களே, அத ஏன் எங்கப்பாவுக்குப் போடக்கூடாது?” கோலாலம்பூரில் நரம்பு நோய் ஆராய்ச்சிப் பக்கம் வேலை பார்க்கும் தமிழர்களிடம் இந்தக் கேள்வி எப்படியும் வந்து சேரும். கல்யாணப் பந்தியில் வரும், பிரிக்ஃபீல்ட்ஸ் கடையில் தே தாரிக் ஆறுவதற்குள் வரும். கேட்பவரின் அப்பாவுக்கு ஏ.எல்.எஸ். என்னும் இயக்க நரம்பணு நோய். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எஸ்.எம்.ஏ. என்னும் மரபுவழித் தசைநலிவு நோய் உள்ள குழந்தை ஒன்றுக்கு நிதி திரட்டும் செய்தி வந்திருக்கும். இரண்டும் இயக்க நரம்பணுக்கள் சாகிற நோய்தானே என்று அவர் கணக்குப் போட்டிருப்பார். “அது வேற நோய் லா” என்று சொல்லி முடித்துவிடலாம். பொய்யில்லை. ஆனால் சோம்பேறித்தனமான பதில், ஏனென்றால் கேட்டவரின் கணக்கு பாதி சரி. இரண்டிலும் ஆர்.என்.ஏ.வை வெட்டி ஒட்டும் வேலை, ஸ்பிளைசிங், கெட்டுப்போகிறது. அதில் தங்கவைத்து ஒட்டப்படும் துண்டு எக்ஸான், வெட்டியெறியப்படுவது இன்ட்ரான். ஒன்றில் அதைச் சரிசெய்யும் மருந்து வந்தே பல வருடங்கள் ஆகின்றன. மற்றதில் ஏன் இல்லை என்று கேட்பதில் தவறென்ன?

எஸ்.எம்.ஏ.வில் பிரச்சினை வியக்கத்தக்க அளவு சின்னது. எஸ்எம்என்1 மரபணு கெட்டுப்போயிருக்கும். பக்கத்திலேயே அதன் நகல்போல எஸ்எம்என்2 உண்டு. இரண்டுக்கும் இடையில் முக்கியமான வேறுபாடு 7ஆம் எக்ஸானின் ஆறாவது எழுத்து: அங்கே சி இருக்க வேண்டிய இடத்தில் டி. புரதத்தின் அமினோ அமில வரிசையை அது மாற்றுவதே இல்லை. ஆனால் 54 எழுத்து நீளமுள்ள அந்த எக்ஸானைப் பெரும்பாலான ஆர்.என்.ஏ.க்கள் தவிர்த்துவிட அது போதும். 2006இல் ரவீந்திர சிங்கின் குழு, அந்த எக்ஸானை அடுத்த 7ஆம் இன்ட்ரானின் தொடக்கத்திலேயே எக்ஸானைத் தள்ளிவிடத் தூண்டும் ஒரு சிறு பகுதியைக் கண்டது. அந்தப் பகுதியின் மேல் ஒட்டிக்கொண்டு அதை மறைக்கும் செயற்கை மரபுத் துண்டுதான் நுசினர்சென், அந்த முதுகுத்தண்டு ஊசி. ஏட்ரியன் கிரெய்னரின் ஆய்வுக்கூடமும் ஐயோனிஸ் நிறுவனமும் உருவாக்கிய இதற்கு 2016 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வழக்கமான அளவு 5 மில்லி லிட்டரில் 12 மில்லிகிராம், முதுகுத்தண்டு நீருக்குள். தொடக்க நாள், 14, 28, 63ஆம் நாட்கள், பிறகு நான்கு மாதத்துக்கு ஒருமுறை. கெட்டது ஒரு எழுத்து, விட்டுப்போனது ஒரு எக்ஸான், மறைக்க வேண்டியது ஒரே இடம்.

ஏ.எல்.எஸ்.ஸில் அப்படி ஒரு இடம் இல்லை. இந்த நோயோடு தொடர்புடையது என்று 2006இல் தெரியவந்த டிடிபி-43 என்ற புரதம் அணுக்கருவை விட்டு வெளியேறி, வெளியே கட்டியாகத் திரண்டுவிடுகிறது. நோயாளிகளில் சுமார் 97 சதவீதத்தினரிடம் இதைக் காணலாம். அந்தப் புரதத்தின் வேலையே ஆர்.என்.ஏ.வில் யு, ஜி எழுத்துகள் யுஜி, யுஜி என்று தொடரும் இடங்களில் உட்கார்ந்து ஸ்பிளைசிங்கைக் காவல் காப்பது. 2011இல் எலி மூளையில் அதைக் குறைத்துப் பார்த்தபோது 965 ஸ்பிளைசிங் நிகழ்வுகள் மாறின. இந்தத் தொகையில்தான் எங்கள் துறையே ஒருவிதத்தில் வழுக்கி விழுந்தது என்பது என் எண்ணம். “அக்கா, ஆயிரக்கணக்குல ஈவன்ட் வந்திருக்கு, சூப்பர்ல?” என்று மாணவர்கள் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டுவார்கள். சூப்பர்தான், அட்டவணை நீளமாக இருக்கிறது. அதில் எது நோயை உண்டாக்குகிறது, எது நோயால் உண்டானது, எது வெறும் கலப்படம் என்று அட்டவணை சொல்லாது. ஊசி போடுவதென்றால் அதில் ஒன்றைத்தான் முதலில் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

எஸ்.எம்.ஏ. எலிகள் சொன்ன மூன்று விடைகள்

மருந்து வந்துவிட்ட நோயிலேயே இந்தக் குழப்பம் இருந்தது. எஸ்எம்என் புரதம் ஸ்பிளைசிங் இயந்திரத்தின் உறுப்புகளான சிறு ஆர்.என்.ஏ.க்களைக் கோத்துத் தருவது. அப்படியானால் அது குறைந்தால் எங்கும் ஸ்பிளைசிங் கெட வேண்டும். 2008இல் கிடியன் டிரைஃபஸின் குழு அதைத்தான் காட்டியது: எஸ்எம்என் குறைந்த எலிகளில் முதுகுத்தண்டு, மூளை, சிறுநீரகம் எல்லாவற்றிலும் பரவலான மாற்றங்கள். கதை முடிந்தது போலிருந்தது. அடுத்த வருடமே ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து கெவின் டால்பட் குழு வேறு கணக்கோடு வந்தது. அவர்கள் எலிக்குட்டியின் முதுகுத்தண்டைப் பிறந்த 1, 7, 13ஆம் நாட்களில் தனித்தனியாக எடுத்தார்கள். அறிகுறி இல்லாத 1ஆம் நாளில் மாற்றம் மிகக் குறைவு, 7இலும் அப்படியே, குட்டி நலிந்துபோன 13இல்தான் வெள்ளமாக வந்தது. ஆக, ஸ்பிளைசிங் மாற்றங்களில் பெரும்பகுதி செல் அடிபட்ட பிறகு எழுந்த அலறல் என்றார்கள். நோய் முற்றிய திசுவை மட்டும் எடுத்து ஆராயும் எவருக்கும் இது பெரிய அடி.

அந்தக் கட்டுரையோடு நிறுத்திக்கொண்டவர்கள் பலர். 2013இல் வந்ததைப் படிக்காதவர்களும் பலர். அந்த ஆண்டு டிரைஃபஸ் குழு அதே 1ஆம் நாள் குட்டிகளின் முதுகுத்தண்டிலிருந்து இயக்க நரம்பணுக்களை மட்டும் லேசரால் வெட்டியெடுத்து அவற்றின் ஆர்.என்.ஏ. எழுத்துகளை வரிசைப்படுத்திப் பார்த்தது. முழுத் தண்டில் ஒன்றும் தெரியாத அந்த நாளிலேயே, இயக்க நரம்பணுக்களுக்குள் அக்ரின் மரபணுவின் இசட் எக்ஸான்கள் குறைந்திருந்தன. நரம்பு தசையைத் தொடும் இடத்தில் தசையின் ஏற்பிகளைக் கூட்டிவைப்பது இசட் எக்ஸான் உள்ள அக்ரின்தான், எஸ்.எம்.ஏ.வில் முதலில் உதிர்வது அந்தத் தொடுமுனைதான். பின்னர் 2018இல் எம்டிஎம்2, எம்டிஎம்4 ஆகியவற்றின் ஸ்பிளைசிங் கெடுவதால் செல் சாவைத் தூண்டும் பி53 புரதம் விழித்துக்கொண்டு நரம்பணுவைக் கொல்வதும் காட்டப்பட்டது. 2008 தவறா, 2009 தவறா என்றால் இரண்டும் இல்லை. ஒன்று காலத்தைப் பார்க்கவில்லை, மற்றது செல்லைப் பிரிக்கவில்லை.

செல்லைப் பிரிக்காததால் வரும் பிழை எளிதில் ஏமாற்றும். முதுகுத்தண்டுத் திசுவில் இயக்க நரம்பணுக்கள் மிகச் சிறிய பங்கு. நோயில் அவை குறைகின்றன, சுற்றியிருந்து அவற்றைத் தாங்கும் கிளியா செல்கள் பெருகுகின்றன. ஒரே மரபணுவை நரம்பணு ஒருவிதமாகவும் கிளியா வேறுவிதமாகவும் வெட்டி ஒட்டுவது சாதாரணம். கறிச்சட்டியில் கோழித்துண்டைப் பொறுக்கித் தின்றுவிட்டால் கிழங்கு கூடிவிட்டதுபோலத் தெரியுமே, அப்படித்தான். யாரும் கிழங்கு போடவில்லை. இங்கே எந்தச் செல்லிலும் எந்த எக்ஸானும் மாறாமலே நூற்றுக்கணக்கான ‘குறைபாடுகள்’ அட்டவணையில் ஏறும். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. மேலே நிற்கும் நிகழ்வுகளை நரம்பணுவுக்கும் கிளியாவுக்கும் இடையில் இயல்பாகவே வேறுபடும் நிகழ்வுகளின் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒரே திசையில் பெருமளவு பொருந்தினால் அந்த அட்டவணையை மூடி வைத்துவிடலாம்.

கோலாலம்பூர் ஈரமும் லேசரும்

லேசர் வெட்டு பற்றி வெளிநாட்டு நெறிமுறைகள் சொல்லாத ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். இந்த முறைக்குத் திசுச் சீவல் எலும்பாகக் காய்ந்திருக்க வேண்டும். உறைந்த முதுகுத்தண்டைக் கிரையோஸ்டாட் என்னும் குளிர்சீவல் கருவியில் 10 முதல் 14 மைக்ரான் தடிப்பில் சீவி, சாயமேற்றி, 75, 95, 100 சதவீத எத்தனாலில் ஏற்றி, சைலீனில் சில நிமிடம் வைத்து எடுப்பார்கள். ஐரோப்பியக் குளிர்காலத்தில் அது காய்ந்தபடியே இருக்கும். நம்மூரில் மதிய மழைக்குப் பிறகு கதவைத் திறந்துவைத்த அறையில் சீவல் சில நிமிடங்களிலேயே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இரண்டு கேடு: திசு கண்ணாடியை விட்டு எழும்ப மறுக்கும், சாயமேற்றியபோது தூங்கிக்கொண்டிருந்த, ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் ஆர்.என்.ஏ.ஸ் நொதி தண்ணீர் கண்டதும் வேலை தொடங்கும். லேசரின் திறனைக் கூட்டினால் திசு கருகுமே தவிர எழும்பாது. “மெஷின் கெட்டுப்போச்சு” என்று சேவைப் பொறியாளரை அழைக்கும் பாதி நேரம் கெட்டிருப்பது காற்றுதான்.

செய்ய வேண்டியவை செலவு குறைந்தவை. அறையில் ஈரம் உறிஞ்சும் கருவியை முந்தின இரவே ஓடவிட்டு, ஈரப்பத மானி 40 சதவீதத்துக்குக் கீழே காட்டிய பிறகு தொடங்க வேண்டும். 100 சதவீத எத்தனால் என்று எழுதியிருக்கும் புட்டியைத் திறந்து இரண்டு வாரம் ஆனால் அது 100 அல்ல. 3 ஆங்ஸ்ட்ரம் மூலக்கூறுச் சல்லடை மணிகளை அடியில் போட்டுவைக்கலாம், அல்லது ஒவ்வொரு அமர்வுக்கும் புதுப் புட்டி. சைலீனிலிருந்து எடுத்த கண்ணாடிகள் சிலிக்கா ஜெல் டப்பாவில் காத்திருக்கட்டும், ஒரு நேரத்தில் ஒன்றுதான் வெளியே வரலாம், அரை மணிக்குள் அதன் வேலை முடிய வேண்டும். வெட்டிய பிறகு கண்ணாடியில் மிஞ்சியதைச் சுரண்டி அதன் ஆர்.என்.ஏ. தரத்தை அளந்து பாருங்கள். தொடக்கத்தில் ஆர்.ஐ.என். என்னும் தர எண் (உச்சம் 10) 8 இருந்தது கடைசியில் 5 என்றால், பொறுக்கிய செல்களிலும் அதே கதிதான். செல்களை நேரடியாக அளக்க முடியாது. சில நூறு நரம்பணுக்களில் கிடைப்பது சில நானோகிராம், அதை அளவிலேயே தீர்த்துவிடக்கூடாது.

உறைந்த திசுவிலும் இதே ஈரம் தொல்லை தரும். மைனஸ் 80 பெட்டியிலிருந்து எடுத்த குழாயை மேசையில் வைத்து மூடியைத் திறந்தால் உள்ளே பனி படியும். எடை கூடும், ஓரம் இளகும், இளகிய ஓரத்தில் ஆர்.என்.ஏ. உடையும். உலர்பனியின் மேலேயே திறந்து, 50 முதல் 100 மில்லிகிராம் திசுவுக்கு ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கும் டிரைசோல் திரவம் 1 மில்லி லிட்டர் என்ற கணக்கில் உறைந்தபடியே உள்ளே போட்டு உடனே அரைக்க வேண்டும். மாதிரிகளை வெளிநாட்டுக்கு வரிசைப்படுத்த அனுப்புகிறவர்கள் தீபாவளி, ஹரி ராயா, சீனப் புத்தாண்டுக்கு முந்தின வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள், வெள்ளிக்கிழமையையும். நுரைப்பெட்டியில் உலர்பனி நாளொன்றுக்குச் சில கிலோ ஆவியாகிவிடும், சுங்கக் கிடங்கில் யாரும் நிரப்ப மாட்டார்கள்.

எண்ணிக்கைக்கு வருவோம். எக்ஸான் உள்ளே வந்த வீதத்தை பி.எஸ்.ஐ. என்பார்கள். உள்ளே வந்தால் இரண்டு இணைப்புகளில் வரிகள் (கருவி படித்த ஆர்.என்.ஏ. துணுக்குகள்) விழும், தவிர்த்தால் ஒன்றில். இரண்டு இணைப்பிலும் சேர்த்து 60 வரிகள், தவிர்த்தது 10 என்றால் வீதம் 70இல் 60 அல்ல. 40இல் 30, அதாவது 75 சதவீதம். மென்பொருள் இதைச் செய்துவிடும். ஆனால் மொத்தமே 8 வரிகளில் 4 என்று வரும் ‘50 சதவீதத்தை’ அது தடுக்காது. அதன் உண்மை மதிப்பு 16க்கும் 84க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். ஸ்பிளைசிங்குக்கென்றால் ஒரு மாதிரிக்கு 8 முதல் 10 கோடி இணைவரிகள், 150 எழுத்து நீளம் வேண்டும். மரபணு அளவை மட்டும் பார்க்க எடுத்த 2 கோடி வரித் தரவில் ஸ்பிளைசிங் தேடாதீர்கள். இன்ட்ரான் தங்கிவிட்டது என்று சொல்வதற்கு முன் டி.என்.ஏ. கலந்திருக்கிறதா என்று மரபணுக்களற்ற இடைவெளிகளில் வரிகள் விழுவதைப் பார்த்துக்கொள்ளுங்கள். டி.என்.ஏ.வை அழிக்கும் டி.என்.ஏ.ஸ் நொதி போடாத மாதிரியில் எல்லா இன்ட்ரானும் தங்கித்தான் இருக்கும்.

2019

ஏ.எல்.எஸ். கதை திரும்பிய இடத்துக்கு வருகிறேன். 2015இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பிலிப் வாங்கின் குழு ஒன்றைக் கவனித்தது. டிடிபி-43 போய்விட்டால் இருக்கிற எக்ஸான்கள் விட்டுப்போவது மட்டும் நடப்பதில்லை. இன்ட்ரானுக்குள் புதைந்து கிடந்த, எக்ஸானாக ஒருபோதும் இருந்திராத துண்டுகள் ஆர்.என்.ஏ.வுக்குள் நுழைகின்றன. இவற்றைக் கிரிப்டிக் எக்ஸான் என்கிறார்கள், மறை எக்ஸான் என்று வைத்துக்கொள்வோம். எலியிலும் அவை வந்தன, மனிதனிலும் வந்தன. ஆனால் இரண்டிலும் வந்தவை ஒன்றல்ல. வேறு வேறு மரபணுக்கள், வேறு வேறு இடங்கள். அந்தக் கட்டுரையில் இது பளிச்சென்று இருந்தும், அதன் விளைவு எவ்வளவு தூரம் போகும் என்பது அடுத்த நான்கு வருடங்கள் பலருக்கு உறைக்கவில்லை.

புரதக் குறியீட்டுப் பகுதிகளைப் பரிணாமம் பத்திரமாக வைத்திருக்கிறது. எலியின் டிடிபி-43ம் நம்முடையதும் ஏறக்குறைய ஒன்றே. இன்ட்ரான்களின் உட்புறத்தை அப்படி யாரும் காப்பதில்லை. அங்கே யுஜி தொடர்கள் தோன்றும், மறையும், இடம் மாறும். காவல்காரர் இரு வீட்டிலும் ஒருவரே, காக்கப்படும் ஜன்னல்கள்தான் வேறு. ஆகவே எலியில் டிடிபி-43ஐ எவ்வளவு திறமையாக நீக்கினாலும், மனித நரம்பணுவில் உடைகிற ஜன்னல் அங்கே உடையாது, ஏனென்றால் அது அங்கே இல்லவே இல்லை.

2019இல் கெவின் எகன் குழுவும் டான் கிளீவ்லாண்ட் குழுவும் தனித்தனியாக ஒரே மரபணுவில் போய் நின்றார்கள்: ஸ்டாத்மின்-2. மனித இயக்க நரம்பணுக்களில் டிடிபி-43ஐக் குறைத்தால் மிக அதிகமாகச் சரியும் ஆர்.என்.ஏ.க்களில் அது ஒன்று. காரணம் அதன் முதல் இன்ட்ரானுக்குள் கிடக்கும் 2ஏ என்ற மறை எக்ஸான். அதற்குள்ளேயே ஒரு நிறுத்தக் குறியும், ஆர்.என்.ஏ.வை அங்கேயே முடித்து வால் ஒட்டச் சொல்லும் குறியும் இருக்கின்றன. 2ஏ உள்ளே வந்தால் மீதி ஆர்.என்.ஏ. உருவாவதே இல்லை, முழுப் புரதத்துக்குப் பதில் 17 அமினோ அமிலங்கள் கொண்ட துணுக்கு ஒன்றுக்கான குறியீடுதான் மிஞ்சும். ஸ்டாத்மின்-2 இல்லாத ஆக்ஸான், அதாவது நரம்பணுவின் நீண்ட இழை, வெட்டுப்பட்டால் மறுபடி வளரத் திணறும். நோயாளிகளின் முதுகுத்தண்டில் இது உண்டு. எலியின் மரபணுவில் 2ஏ கிடையாது.

இந்த நோயின் மிகத் தெளிவான ஸ்பிளைசிங் குறைபாடு, அதுவரை எல்லோரும் நம்பியிருந்த விலங்கில் நிகழவே முடியாதது. எலிமாதிரியில் ‘ஒன்றும் வரவில்லை’ என்பதை வைத்து ஒரு கருதுகோளைக் குப்பையில் போடுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. ‘நிறைய வந்தது’ என்பதும் அதே அளவு ஆபத்து. 2018இல் பியெத்ரோ ஃபிராட்டாவின் குழு டிடிபி-43இன் வால்பகுதியில் எம்323கே மாற்றம் கொண்ட எலியை ஆராய்ந்தது. அதில் மறை எக்ஸான்கள் வரவில்லை. மாறாக, இருக்க வேண்டிய எக்ஸான்கள் விட்டுப்போயின. அதாவது காவல் குறையவில்லை, கூடிவிட்டது. அதே புரதத்தின் ஆர்.என்.ஏ. பிடிக்கும் பகுதியில் எஃப்210ஐ மாற்றம் கொண்ட எலியில் காவல் குறைந்தது. இரண்டுமே ‘டிடிபி-43 மரபணு மாதிரிகள்’. இரண்டின் அட்டவணையையும் ஒன்றாகக் கொட்டிக் கலக்கினால் என்ன பொருள்?

யுஎன்சி13ஏ கதையும் இதே வழிதான், ஆனால் அதற்கு இன்னொரு சுவை உண்டு. 2009லேயே மக்கள்தொகை மரபணு ஆய்வு அந்த மரபணுவுக்குள் ஏ.எல்.எஸ். ஆபத்தைக் கூட்டும் எழுத்து மாற்றத்தைச் சுட்டியிருந்தது. இன்ட்ரானுக்குள் கிடந்த அந்த எழுத்து என்ன செய்கிறது என்று யாருக்கும் தெரியாது. 2022இல் இரண்டு குழுக்கள் விடை சொல்லின: 20, 21ஆம் எக்ஸான்களுக்கு இடையே ஒரு மறை எக்ஸான், ஆபத்து எழுத்துகள் அதற்குள்ளும் அருகிலும். டிடிபி-43 குறையும்போது அந்த எழுத்துகள் உள்ளவரிடம் மறை எக்ஸான் எளிதாக நுழைகிறது. எலியில் இதுவும் இல்லை.

தேடும்போது ஏமாறும் இடங்கள்

மறை எக்ஸானைப் பார்க்க விலையுயர்ந்த வசதி வேண்டாம். நரம்புக் கட்டியிலிருந்து வந்த எஸ்எச்-எஸ்ஒய்5ஒய் செல்லில் ஸ்டாத்மின்-2 உண்டு. சிறுநீரகத்திலிருந்து வந்த எச்இகே செல்லில் தேடினால் வராது, அந்த மரபணுவே அங்கே தூங்குகிறது. டிடிபி-43க்கு எதிரான சிறு குறுக்கீட்டு ஆர்.என்.ஏ.வை இரண்டு தவணையாகக் கொடுத்து நான்காம் நாள் வாக்கில் அறுவடை செய்யுங்கள். குறைந்ததா என்பதை வெஸ்டர்ன் பிளாட்டில், புரத அளவில் பாருங்கள். இந்தப் புரதம் தன் ஆர்.என்.ஏ.வின் வால்பகுதியில் தானே உட்கார்ந்து தன் அளவை அடக்கிக்கொள்வது. புரதம் குறைந்தால் அந்த அடக்குமுறை தளர்ந்து ஆர்.என்.ஏ. எழும். ஆர்.என்.ஏ.வை அளக்கும் கியூபிசிஆர் எண்ணை மட்டும் நம்பினால் குறைப்பு தோற்றதாகப் படும். 1 மைக்ரோகிராம் ஆர்.என்.ஏ., டி.என்.ஏ.ஸ், பிறகு பிசிஆரைத் தொடங்கிவைக்கும் சிறு இழைகளில் (தொடுப்பி) முன்தொடுப்பி முதல் எக்ஸானில், பின்தொடுப்பி 2ஏக்குள். ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக்கும் தலைகீழ் நொதி போடாத குழாய் ஒன்று கட்டாயம்.

யுஎன்சி13ஏவில் இந்த வழி சொதப்பும், ஏனென்றால் மறை எக்ஸான் நுழைந்த அதன் ஆர்.என்.ஏ.வை செல் உடனே அழித்துவிடுகிறது. அழிப்பை நிறுத்த அறுவடைக்கு நாலைந்து மணி நேரம் முன், புரத உற்பத்தியை நிறுத்தும் சைக்ளோஹெக்ஸிமைடு, மில்லி லிட்டருக்கு 100 மைக்ரோகிராம். இதைச் செய்யாமல் ‘இல்லை’ என்று எழுதுவது பெரும்பிழை. ஸ்டாத்மின்-2இன் குறுகிய ஆர்.என்.ஏ. தன் வாலோடு முடிவதால் அழிப்புக்குத் தப்பிவிடும். ஆனால் அதிலும் ஒரு பொறி: இறந்தவரின் திசு சிதைந்திருந்து, வாலைப் பிடித்து ஆர்.என்.ஏ. பிரித்தால், முழு நீள ஆர்.என்.ஏ.வின் முதல் எக்ஸான் வாலிலிருந்து வெகுதூரத்தில் இருப்பதால் தொலைந்துபோகும், குறுகியது தங்கிவிடும். மறை எக்ஸானின் பங்கு உள்ளதைவிடக் கூடித் தெரியும்.

எஸ்எம்என் எக்ஸான் 7ஐ 6ஆம், 8ஆம் எக்ஸான் தொடுப்பிகளால் பார்ப்பவர்களுக்கு ஜெல்லில் இரண்டு பட்டைக்குப் பதில் மூன்றாவது ஒன்று மேலே நிற்கும். புது எக்ஸான் அல்ல. பிசிஆரின் கடைசிச் சுற்றுகளில் தொடுப்பி தீர்ந்து, நீள இழையும் குட்டை இழையும் ஒன்றோடொன்று ஒட்டி மெதுவாக நகர்வதுதான். புதுத் தொடுப்பி கலவையில் பத்தில் ஒன்றாகக் கலந்து மூன்று சுற்று ஓட்டினால் மறையும். சுற்றுகள் 28க்கு மேல் போகக்கூடாது. குட்டைத் துண்டு எப்போதும் முந்தும். பட்டையின் ஒளியை நீளத்தால் வகுக்கவும் மறக்காதீர்கள். நீள மூலக்கூறு அதிகச் சாயம் பிடிக்கும்.

தண்டுசெல்லிலிருந்து நரம்பணு வளர்ப்பவர்களுக்கு வயது ஒரு பொறி. நரம்பணு முதிரும்போது ஸ்பிளைசிங் பெருமளவில் மாறுகிறது. ஸ்பிளைசிங்கை நெறிப்படுத்தும் பிடிபிபி1 புரதம் குறைய, அதன் உறவான பிடிபிபி2இன் 10ஆம் எக்ஸான் உள்ளே வரும், குட்டி எக்ஸான்கள் ஒவ்வொன்றாக நுழையும். நோய்க் கிண்ணம் இரண்டு மூன்று நாள் பின்தங்கி வளர்ந்தால், இந்த மாற்றமெல்லாம் ‘மரபணுக் குறைபாடு’ என்று அட்டவணையில் ஏறிவிடும். பிடிபிபி2இன் 10ஆம் எக்ஸானை ஒரு கடிகாரமாக வைத்து, இரண்டு கிண்ணமும் ஒரே மணி காட்டும் நாளில் அறுவடை செய்வது நாள்காட்டியைப் பார்த்துச் செய்வதைவிட எவ்வளவோ மேல். ஒரே செல் வரிசையில் பிறழ்வை மட்டும் திருத்திய ஒப்புமை வரிசையும் வேண்டும். சொந்தக்காரர் செல் அதற்கு ஈடாகாது.

இப்போது ஊசிக் கேள்விக்கு என்ன சொல்லலாம்? 2023இல் கிளீவ்லாண்ட் குழுவினர் எலியின் ஸ்டாத்மின்-2 மரபணுவுக்குள் மனித மறை எக்ஸான் பகுதியைப் பொருத்தி, நுசினர்சென் வகைத் துண்டால் அதை மறைத்து, புரதத்தைத் திரும்ப எழுப்பிக் காட்டினார்கள். அதே ஆண்டு மனிதர்களிலும் இந்த வகை மருந்தின் முதல்கட்டச் சோதனை தொடங்கியது. ஆக “கிடையாது” என்பது சரியான பதில் இல்லை. ஆனால் அப்பாவின் மரபணுப் பரிசோதனை முடிவை முதலில் கேட்க வேண்டும். எஸ்ஓடி1, எஃப்யுஎஸ் என்ற மரபணுக்களின் பிறழ்வால் வரும் நோயில் டிடிபி-43 வழக்கமாக இடம்விட்டு அசைவதில்லை. அங்கே 2ஏ தேடுவதே வீண். ஐரோப்பியரிடம் மிகப் பரவலான சி9ஓஆர்எஃப்72 பிறழ்வு கிழக்காசியரிடம் அரிது, எஸ்ஓடி1ம் எஃப்யுஎஸ்ஸும் அங்கே பெரும்பங்கு. சீனர், மலாய்க்காரர், இந்தியர் கலந்த நம் நாட்டில் ஐரோப்பிய மாதிரிச் செல்லை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு ஆராய்வதை நான் அரைகுறை என்றே சொல்வேன். எஸ்ஓடி1 என்றால் ஸ்பிளைசிங்கைத் தொடாத, அந்த மரபணுவின் ஆர்.என்.ஏ.வையே அழிக்கும் டோஃபெர்சென் இருக்கிறது; 2023 ஏப்ரலில் அமெரிக்கா அனுமதித்தது. குடும்பங்கள் அதைப் பற்றித்தான் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

டிடிபி-43 விலகிய நோயிலும் ஒரு முடிச்சு மிச்சம். மறைக்கும் துண்டு 2ஏயை மட்டும் மூடும், காவல்காரரைத் திரும்பக் கொண்டுவராது. ஆய்வுக்கூடத்தில் இதைச் சோதிக்கிறவர்கள் 2ஏயின் வெவ்வேறு இடத்தில் ஒட்டும் இரண்டு துண்டுகள், எழுத்து மாற்றிய ஒரு போலித் துண்டு, மூன்று அளவுகள் என்று வைத்துக்கொண்டு, ஸ்டாத்மின்-2 புரதம் எழுந்ததா என்று பார்த்த கையோடு அதே கிண்ணத்தில் யுஎன்சி13ஏயையும், டிடிபி-43 போனால் மறை எக்ஸான் நுழையும் இன்னொரு மரபணுவான எச்டிஜிஎஃப்எல்2ஐயும் பார்க்க வேண்டும். அவை கெட்டபடியே இருக்கும், இருக்கத்தான் வேண்டும். அவையும் சரியாகிவிட்டால் துண்டு வேலை செய்யவில்லை, டிடிபி-43 குறைப்பு தோற்றிருக்கிறது. பிறகு நுண்குழல் தட்டில் ஆக்ஸான்களை வெட்டிவிட்டு, மறுவளர்ச்சி எவ்வளவு மீண்டது என்று அளக்கலாம். பாதிதான் மீண்டது என்றால், அடுத்த கிண்ணத்தில் யுஎன்சி13ஏயின் மறை எக்ஸானுக்கும் ஒரு துண்டைச் சேர்த்துப் பார்ப்பார்கள். தரவு வந்த கணம் பார்க்க வேண்டிய பட்டை அதுதான், ஆயிரம் வரி அட்டவணை அதற்குப் பிறகு திறந்தால் போதும்.